பாவாடை கட்டிய காளான்

கடையை விற்றுவிடலாம் என்று என் வீட்டுக்காரர் சொன்னபோது நான் சூடான பன்களுக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தேன். காதில் சரியாக விழவில்லையோ என்று, "என்னது?" என்றேன்.

"கடையை வித்துடலாம்மா. அலுத்துப் போச்சு" என்றார். சொல்லிவிட்டு மாவு பிசையப் போய்விட்டார். குடையை எங்கோ மறந்து வைத்துவிட்டேன் என்று சொல்வதுபோல அவ்வளவு சாதாரணமாகச் சொன்னார்.

அலுத்துப் போயிற்றாம். யாரிடம் கதை விடுகிறார்? கடைக்கு விடுமுறை விட்ட நாளில்கூட அடுப்பறைக்குள் போய் மாவு மூட்டைகளைத் தட்டிப் பார்த்துவிட்டு வருகிற மனுஷன் இவர். இவருக்கு ரொட்டி அலுக்கும் என்றால் மீனுக்குத் தண்ணீர் அலுக்க வேண்டும்.

ஊரில் பாதி பேக்கரிகளுக்குச் சொந்தக்காரரான ஒரு முதலாளி ரொம்ப நாளாகவே எங்கள் கடைமேல் கண் வைத்திருந்தார். திங்கட்கிழமை காலையில் வருவார், அதற்குள் முடிவைச் சொல்ல வேண்டும். கடை எங்கள் இருவர் பெயரிலும் இருக்கிறது. என் கையெழுத்து இல்லாமல் ஒரு துரும்பும் அசையாது. "ஏன்னு உண்மையான காரணத்தைச் சொல்லுங்க, கண்ணை மூடிக்கிட்டுப் போடறேன்" என்றேன். மறுபடியும் அதே அலுப்புப் பாட்டைத்தான் பாடினார்.

எனக்குக் கோபம் மூக்குமேல் இருக்கிறது என்று ஊரே சொல்லும். பொய் இல்லை. ஆனால் அந்த வாரம் கோபத்தைவிடக் குடைச்சல்தான் அதிகமாக இருந்தது. மனுஷன் எதையோ மறைக்கிறார். எதை?

யோசித்துப் பார்த்தால், மழைக்காலத்தில் வந்துபோன அந்தக் காய்ச்சலுக்குப் பிறகுதான் ஆள் மாறியிருந்தார். முன்பெல்லாம் தெருமுனை திரும்பும்போதே வீட்டு அடுப்பில் என்ன கொதிக்கிறது என்று சொல்லிக்கொண்டே வருவார். இப்போது எதைத் தட்டில் வைத்தாலும் "நல்லாருக்கு". ஒருநாள் வேண்டுமென்றே பூண்டு போடாமல் சமைத்தேன். அதுவும் நல்லாயிருந்ததாம். இன்னொன்றையும் வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். அவருக்குப் பிடிக்குமே என்று புதிதாக ஒரு வாசனைச் சோப்பு வாங்கிக் குளித்துவிட்டு அவர் பக்கத்தில் போய் நின்றேன். "தள்ளிக்கோ, தட்டு சுடும்" என்றார். அன்றைக்கு நான் குளியலறையில் போய் அழுதேன்.

சரி, பெண்டாட்டி கண்ணிலேயே படவில்லையோ என்றால், அதுவும் இல்லை. அடுப்பறைக்கும் கடைக்கும் நடுவில் ரொட்டித் தட்டு நீட்டுவதற்கென்று ஒரு சின்னச் சன்னல் உண்டு. அதன் வழியாக என்னையே உற்று உற்றுப் பார்ப்பார். நான் நிமிர்ந்தால் பார்வையைத் திருப்பிக்கொள்வார். என்ன, கல்லாவைத் தூக்கிக்கொண்டு ஓடிவிடுவேனா?

இதற்கெல்லாம் மேலே, மகள் விஷயம். பள்ளிக்கூடம் விட்டதும் அடுப்பறை மூலையில் அவளுடைய சின்ன மேசையில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவது அவள் வழக்கம். ஒருநாள் திடீரென்று மேசையும் கையுமாக அவளை வீட்டுக்குக் கிளப்பிவிட்டார். "இனிமே அடுப்பறைப் பக்கம் வரக் கூடாது" என்று ஒரே பேச்சு. பிள்ளை முகம் தொங்கிப்போயிற்று. நான் அவரை வாங்கு வாங்கென்று வாங்கினேன்.

எங்கள் மகளை வீட்டில் ஏனம்மா என்று கூப்பிடுவோம். காலையில் கண் விழித்ததிலிருந்து ஏன், ஏன் என்று எதையாவது கேட்டுக்கொண்டே இருப்பாள். என் தம்பி வைத்த பெயர், நிலைத்துவிட்டது. மாவில் போடுகிற ஈஸ்ட் என்பது என்ன, அது ஏன் மாவை உப்ப வைக்கிறது என்று தோண்டித் துருவி, கடைசியில் அது காளான் இனத்தைச் சேர்ந்தது என்று நூலகப் புத்தகம் ஒன்றில் கண்டுபிடித்துவிட்டாள். அன்றிலிருந்து பிடித்துக்கொண்டாள்.

"நமக்குச் சோறு போடறதே காளான்தான்மா. அதோட சொந்தக்காரங்க எல்லாம் காட்டுல இருக்காங்க. ஒருதடவையாவது போய்ப் பார்க்க வேண்டாமா?"

சொந்தக்காரர்களைப் பார்க்கப் போகலாம் என்று அவர் உடனே தலையாட்டிவிட்டார். எனக்கு என் கணக்கு. கடையில் வாய் திறக்காதவர் காட்டிலாவது திறக்கிறாரா பார்க்கலாம். காளான் என்ற சொல் காதில் விழுந்ததும் ஃப்ரிட்ஜ் மெக்கானிக்கான என் தம்பியும் ஒரு காலிப் பையோடு வந்து நின்றான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில், பஸ் கடைசியாக நின்று திரும்புகிற இடத்தில் இறங்கி, அதற்குப் பின்னால் இருந்த காட்டுக்குள் நடந்தோம். முந்தின வாரம் பெய்த மழையில் தரையெல்லாம் ஊறிப்போயிருந்தது. காலடியில் இலைச்சருகு சத்தமே போடவில்லை. ஏனம்மா புத்தகத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு எங்களை வரிசையாக நிற்க வைத்தாள்.

"எதையும் வாயில வைக்கக் கூடாது."

"அப்புறம் எதுக்கு நான் வந்தேன்?" என்றான் தம்பி.

"மாமா, சும்மா இரு. முதல்ல பார்க்கணும். தொட்டுப் பார்க்கணும். மோந்து பார்க்கணும். என்ன வாசனைன்னு என் காதுல ரகசியமாச் சொல்லணும். சத்தமாச் சொல்லவே கூடாது."

"அது ஏன்?" இந்தத் தடவை கேட்டவர் என் வீட்டுக்காரர். குரல் கொஞ்சம் சட்டென்று வந்ததாகத் தோன்றியது.

"ஒருத்தர் எலுமிச்சைன்னு சொன்னா எல்லாருக்கும் எலுமிச்சை மாதிரியே இருக்கும்பா. எங்க வகுப்புல செஞ்சு பார்த்தோம். காப்பி அடிக்காம அவங்கவங்க மூக்கை வச்சுச் சொல்லணும்."

அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பில் உயிர் இல்லை. அப்போது அதை நான் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

முதலில் அகப்பட்டது விழுந்து கிடந்த ஒரு மரத்தில். அடுக்கி வைத்த தட்டுகள்போல ஒன்றின்மேல் ஒன்றாக, பழுப்பும் வெள்ளையும் வரி வரியாக நீட்டிக்கொண்டிருந்தன. இதுவா காளான், மரக்கட்டைமாதிரி இருக்கிறதே என்று எனக்கே ஆச்சரியம். என் வீட்டுக்காரர் குனிந்து அதன் அடியில் விரல் முட்டியால் தட்டினார். டொக் டொக் என்றது. காதைக் கிட்டே வைத்து இன்னொருமுறை தட்டினார்.

"நல்லா வெந்திருக்கு" என்றார். ரொட்டி வெந்துவிட்டதா என்று பார்க்க அவர் அப்படித்தான் அடியில் தட்டிக் கேட்பார். ஏனம்மா விழுந்து விழுந்து சிரித்தாள்.

அப்புறம் காதுமடல்போல ஒரு காளான். தொட்டால் குளிர்ந்து, மெத்தென்று, நிஜக் காதேதான். தம்பி அதனிடம் குனிந்து, "எங்க முதலாளிகிட்டச் சம்பளத்தை ஏத்தச் சொல்லு" என்று ஓதினான். அதற்கு அப்பால் புல்லுக்குள் வெள்ளை உருண்டைகள். ஏனம்மா ஒரு பழைய உருண்டையைக் குச்சியால் குத்தியதும் உச்சியிலிருந்து புஸ்ஸென்று புகை கிளம்பியது. புகையில்லை, எல்லாம் விதைத்தூளாம். ஒரு உருண்டைக்குள் ஒரு நாட்டுக்கே போதுமான விதை இருக்குமாம். "அப்போ ஏன் எல்லாம் முளைக்கலை? ஏன் காடு முழுக்கக் காளானா இல்லை?" என்று தன்னையே கேட்டுக்கொண்டு புத்தகத்தைப் புரட்டினாள். எனக்கும் தெரிந்துகொள்ள வேண்டும்போல இருந்தது. எத்தனையோ வருஷங்களுக்குப் பிறகு நானும் மண்டியிட்டு ஒரு இலையைப் புரட்டிப் பார்த்தேன்.

இலைக்கு அடியில் வெள்ளை வெள்ளையாக நூல். மண்ணுக்குள் அது பாட்டுக்கு எங்கெங்கோ ஓடிக்கொண்டிருந்தது.

"இதுதான்மா நிஜக் காளான். நாம மேல பார்க்கறது வெறும் பழம் மாதிரி" என்றாள் மகள்.

என் வீட்டுக்காரர் என் பக்கத்தில் மண்டியிட்டு, அந்த நூலை விரலில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். "புளிச்ச மாவைப் பிச்சா உள்ளே இப்படித்தான் நூல் நூலா இழுக்கும், பாத்திருக்கியா?" என்றார். கண் மின்னியது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. காட்டுக்கு வந்தும் மாவைத் தவிர வேறு நினைப்பு இல்லாத ஆளுக்கா தொழில் அலுத்துவிட்டது?

ஒவ்வொரு காளானுக்கும் நாங்கள் மோந்து பார்த்து ஏனம்மாவின் காதில் ஓதினோம். எல்லாரும் ஓதி முடித்ததும் அவள் போட்டு உடைப்பாள். தட்டுக் காளானுக்கு நான் சொன்னது பழைய மரப்பெட்டி. தம்பி சொன்னது ஈரச் சாக்ஸ். காதுக் காளானுக்கு எனக்கு ஒன்றுமே தோன்றவில்லை, தம்பிக்கு மறுபடியும் ஈரச் சாக்ஸ்.

"அப்பா எல்லாத்துக்கும் மண் வாசனைன்னே சொல்றாரு" என்று முகத்தைச் சுளித்தாள்.

"காட்டுல வேற என்னடா வாசனை வரும்?" என்றார் அவர்.

ஒரு பெரிய மரத்தின் அடியில், புல்லுக்கு நடுவில், வெள்ளையாக ஒரு காளான் கூட்டம் இருந்தது. பார்வைக்கு ஒன்றும் பெரிய அழகில்லை. விளிம்பு நெளிந்து, கையுறைத் தோல்போல மெத்தென்று இருந்தது. ஏனம்மா ஒன்றைக் கிள்ளி நாலாகப் பிய்த்து ஆளுக்கொரு துண்டு கொடுத்தாள்.

மூக்குக் கிட்டே கொண்டுபோனதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. விடியற்காலையில் புது மூட்டையின் தையலைப் பிரித்ததும் முகத்தில் வந்து அடிக்குமே, அந்த வாசனை. கொஞ்சமும் மாற்றமில்லை. கண்ணை மூடினால் கடைக்குள் நிற்கிறேன். மகளின் காதில், "நம்ம மாவு" என்று ஓதினேன். அவள் கண் அகல விரிந்தது. தம்பி மோந்து பார்த்துவிட்டு ஏதோ ஓதினான். கடைசியாக என் வீட்டுக்காரர். துண்டை வெகுநேரம் மூக்கருகில் வைத்திருந்தார். என்னைப் பார்த்தார், மச்சானைப் பார்த்தார், பிறகு குனிந்து ஓதினார்.

ஏனம்மா நிமிர்ந்து எங்களைப் பார்த்தாள். வழக்கமான உற்சாகத்தைக் காணோம்.

"அம்மா, நம்ம மாவு. மாமா, பசிக்கிற வாசனை. நான் நினைச்சது, நம்ம கடை. அப்பா..." என்று நிறுத்தினாள். "அப்பா மறுபடியும் மண்ணுதான்."

புத்தகத்தைத் திறந்து பார்த்தாள். புதிதாக அரைத்த மாவின் வாசனை என்றே போட்டிருந்தது.

தம்பிக்கு இது போதாதா? "என்ன அத்தான்! இத்தனை வருஷமா அந்த மாவுலதானே குளிக்கறீங்க? ரொட்டிக்காரருக்கு மாவு வாசனை தெரியலைன்னா, நாளைக்கு நான் ஐஸைப் பார்த்து இது என்னன்னு கேட்கலாம்!"

அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எரிந்தது. வீட்டில் நான் நின்றாலும் ஒன்றுதான், நாற்காலி நின்றாலும் ஒன்றுதான் என்று இருக்கிறவர், இப்போது பிள்ளை ஆசையாகக் கேட்கிற விளையாட்டிலும் ஏனோதானோ என்று பதில் சொல்கிறாரா?

"ஏங்க, பிள்ளை எவ்வளவு ஆசையாக் கேட்கிறா. கொஞ்சம் மனசு வச்சுப் பதில் சொன்னா குறைஞ்சா போயிடுவீங்க?"

"கவனிக்கலைம்மா. விடு" என்றார்.

"எதைத்தான் கவனிக்கறீங்க? கடையும் வேண்டாம், பிள்ளையும் அங்கே வரக் கூடாது. அடுத்தது என்ன, நானும் வேண்டாமா?"

சொல்லியிருக்கக் கூடாது, அதுவும் பிள்ளையை வைத்துக்கொண்டு. ஆனால் என் வாய் என்றைக்கு என் பேச்சைக் கேட்டிருக்கிறது? அவர் கையிலிருந்த காளான் துண்டைக் கீழே போடாமல் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு முன்னால் நடந்தார். நாங்கள் மூவரும் பின்னால் போனோம்.

கொஞ்ச தூரம் போயிருப்போம். முதலில் தம்பி நின்றான். "எதோ செத்துக் கிடக்கு" என்றான். உடனே எனக்கும் வந்தது. சாதாரண நாற்றமில்லை. சாக்கடையும் அழுகின இறைச்சியும் சேர்ந்து வெயிலில் ஒரு வாரம் கிடந்தால் எப்படியோ அப்படி. தம்பி சட்டைக் காலரை இழுத்து முகத்தை மூடிக்கொண்டான். நான் துப்பட்டாவை வைத்து அழுத்திக்கொண்டேன். ஏனம்மா மூக்கை இறுக்கப் பொத்திக்கொண்டாள். ஆனாலும் பார்க்காமல் திரும்ப மனசில்லை, அரை அடி அரை அடியாக முன்னேறினாள்.

அவரோ எங்களுக்கு முன்னால் விறுவிறுவென்று போய்க்கொண்டிருந்தார். ஒரு மூங்கில் புதருக்கு அருகில் நின்றார். "அடடே!" என்று மண்டியிட்டார்.

அங்கே ஒரு காளான் நின்றது. அதைப்போல ஒன்றை நான் படத்தில்கூடப் பார்த்ததில்லை. வெள்ளைத் தண்டு, உச்சியில் பச்சையும் கறுப்பும் கலந்த கொழகொழத்த தொப்பி, தொப்பிக்குக் கீழேயிருந்து தரைவரை விரிந்து தொங்குகிற வலை. யாரோ உட்கார்ந்து கொக்கியால் பின்னின மாதிரி அத்தனை நேர்த்தியான வலை. தொப்பி முழுக்க ஈ மொய்த்தது. நாற்றத்தின் ஊற்றுக்கண் அதுதான்.

என் வீட்டுக்காரர் அதற்கு ஒரு சாண் தூரத்தில் முகத்தை வைத்துக்கொண்டிருந்தார். வலையைச் சுண்டுவிரலால் பட்டும் படாமலும் தூக்கிப் பார்த்தார். "ஏனம்மா, ஓடி வா! பாவாடை கட்டிக்கிட்டு நிக்குது பாரு. எவ்வளவு அழகு!" முகமெல்லாம் சந்தோஷம். மூச்சை நன்றாக இழுத்து விட்டுக்கொண்டு, குழந்தையைப்போல அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்பா, உனக்கு நாறலையா?" என்றாள் மகள், மூக்கைப் பொத்திய குரலில்.

அவர் திரும்பினார். மூக்கை மூடிக்கொண்டு நிற்கிற எங்கள் மூவரையும் பார்த்தார். பிறகு அவசர அவசரமாகக் கையைத் தூக்கித் தன் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

அந்தக் கை மூக்குக்குப் போன விதத்தில் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. பூண்டு, சோப்பு, எல்லாவற்றுக்கும் ஒரே மண் வாசனை. இத்தனை நாளாக இந்த மனுஷனை மனசுக்குள் நான் என்னென்ன பேசியிருக்கிறேன்!

"கையை எடுங்க" என்றேன். "எப்போலேர்ந்து?"

கையை எடுத்தார். "காய்ச்சல் வந்துச்சே, அப்போ போனது. இன்னும் வரலை."

நாற்றம் எட்டாத தூரத்துக்கு வந்து ஒரு மரத்தண்டில் உட்கார்ந்தோம். டாக்டரிடம் எனக்குத் தெரியாமல் போய்வந்திருக்கிறார். திரும்பி வரலாம், வராமலும் போகலாம், பொறுத்துத்தான் பார்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டாராம்.

"அதுக்காகவா கடையை விக்கறீங்க?" என்றேன்.

"மூக்குக்காக இல்லைம்மா." ஏனம்மாவைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "அன்னைக்கு ஒருநாள் அடுப்பு அணைஞ்சுபோய் கேஸ் வந்துக்கிட்டே இருந்திருக்கு. நான் அங்கேதான் நின்னு மாவு உருட்டிக்கிட்டிருந்தேன். ஒண்ணுமே தெரியலை. பத்தவைக்கத் தீப்பெட்டியைக் கையில எடுத்துட்டேன். அப்போ இவ பள்ளிக்கூடத்திலேர்ந்து உள்ளே வந்தா."

"நான்தான் சொன்னேன்! அழுகின முட்டை நாத்தம் அடிக்குதுப்பான்னு சொன்னேன்" என்றாள் மகள்.

"நீ மட்டும் அன்னைக்கு வாசல்ல நின்னு பூனைகூட விளையாடிட்டு ஒரு நிமிஷம் கழிச்சு வந்திருந்தா..." அன்று சாயங்காலம்தான் மேசையை வீட்டுக்குக் கொண்டுவந்து போட்டிருக்கிறார்.

நான் அவர் தோளைப் பிடித்து உலுக்கினேன். அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தன. "என்கிட்ட ஏங்க சொல்லலை? நான் யாரு, மூணாவது மனுஷியா?"

"உன் முகத்துல எதுதான் நிக்கும்? ரொட்டி வாங்க வர்றவங்க உன் மூஞ்சியைப் பார்த்தே கண்டுபிடிச்சுடுவாங்க. பேக்கரிக்காரனுக்கு மூக்கு போச்சுன்னா அப்புறம் யாரு வாங்குவா?"

தம்பி தலையை ஆட்டினான். "அது உண்மைதான். அக்கா சீட்டு விளையாடினா எதிர்ல உட்கார்ந்திருக்கிற எல்லாருக்கும் கொண்டாட்டம்."

"நீ வாயை மூடு."

ஏனம்மா இது எதையும் கேட்டதாகத் தெரியவில்லை. புருவத்தைச் சுருக்கிக்கொண்டு அப்பாவையே பார்த்தாள். "அப்போ இத்தனை நாளா எதை வச்சு ரொட்டி சுட்ட? ஒண்ணுகூடக் கருகலையே?"

எனக்குத் தோன்றாத கேள்வி. நாங்கள் எல்லாரும் அவரைப் பார்த்தோம்.

"தட்டிக் கேட்பேன். மாவைத் தொட்டாலே எத்தனையோ தெரியும். கருகற விஷயம் மட்டும்தான்..." என்று இழுத்தார். பிறகு என் பக்கம் கையைக் காட்டினார். "உங்கம்மா முகத்தைப் பார்ப்பேன். ரொட்டி கருகறதுக்குக் கொஞ்சம் முன்னாடி அவளோட இடது புருவம் ஒரு நெளி நெளியும். கல்லாவுல யார்கிட்டயோ பேசிக்கிட்டேதான் இருப்பா, அவளுக்கே தெரியாது. நெளிஞ்சதும் தட்டை எடுத்துடுவேன்."

அந்தச் சின்னச் சன்னல். அந்தப் பார்வை. எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்றே தெரியவில்லை. கல்யாணமாகி இத்தனை காலத்தில் இப்படி ஒரு வார்த்தை அவர் என்னிடம் சொன்னதில்லை. அவர் ரொட்டியைப் பற்றித்தான் பேசினார். ஆனாலும் எனக்கு அப்படித்தான் பட்டது.

"கேஸ் பயம்தான்னா அது ஒரு விஷயமே இல்லை அத்தான்" என்றான் தம்பி. கிண்டலையெல்லாம் மூட்டை கட்டி வைத்துவிட்டிருந்தான். "கசிஞ்சா கத்தற கருவி இருக்கு. நான் வேலை பார்க்கிற இடத்துலயெல்லாம் மாட்டறதுதான். இன்னைக்கே மாட்டிடறேன்."

"ரொட்டி?" என்றார் இவர். "புருவத்தை நம்பிக் கடை நடத்தச் சொல்றியா? உங்கக்கா ஒருநாள் படுத்துட்டா? நாளைக்கு அந்த முதலாளி வரட்டும். கொடுத்துடலாம்." பையிலிருந்த காளான் துண்டை எடுத்து ஒருமுறை மோந்து பார்த்தார். தலையை அசைத்துக்கொண்டே அதைக் காட்டிலேயே போட்டார்.

திரும்பி வரும் வழியெல்லாம் ஏனம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொன்றையும் மோந்து மோந்து அவருக்குச் சொல்லிக்கொண்டு வந்தாள். இந்தப் பூ ஊறவைத்த கடலைமாதிரி. இந்தப் பட்டை பென்சில் சீவினமாதிரி. பஸ்ஸில் முன்சீட்டுக்காரரின் தலைமுடி எண்ணெயைப் பற்றி அவள் சத்தமாகச் சொன்னபோது நான் வாயைப் பொத்த வேண்டியதாயிற்று.

அன்று சாயங்காலமே தம்பி வந்து கருவியை மாட்டினான். சோதித்துப் பார்க்க அது ஒருமுறை அலறியதில் பக்கத்துக் கடைத் தையல்காரர் கத்தரிக்கோலோடு ஓடி வந்துவிட்டார். என் வீட்டுக்காரர் அதை அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தார்.

திங்கட்கிழமை காலை. முதல் தட்டு ரொட்டி அடுப்புக்குள் போயிற்று. நான் கல்லாவில் உட்கார்ந்தேன். அவர் சன்னலுக்கு அந்தப் பக்கம் நின்றார். இருவருக்கும் ஒருவரையொருவர் பார்க்க வெட்கமாக இருந்தது. விஷயம் தெரிந்த பிறகு என் புருவம் என் புருவமாக இல்லை. அதை நெளிக்கலாமா, நெளிக்காமல் இருக்கலாமா? நாலு பக்கமும் மோந்து பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. வாய்க்குள் நாக்கு எங்கே இருக்கிறது என்று யோசிக்க ஆரம்பித்தால் பேச்சு குழறுமே, அந்தக் கதைதான்.

"என்னம்மா, ஏதாவது வருதா?" என்றார் சன்னல் வழியாக.

"நெளிஞ்சுதா?"

"நாலு தடவை நெளிஞ்சுது. எது நிஜம்?"

"ஐயோ, எனக்கு ஒண்ணுமே தெரியலையே!"

அவர் முகத்தில் ஒரு சோர்வு படர்ந்தது. நான் சொன்னேன் பார்த்தாயா என்கிற சோர்வு. சரியாக அந்த நேரத்தில்தான் முதலாளியின் கார் வாசலில் வந்து நின்றது. அவர் இறங்கி உள்ளே வந்து, கண்ணாடிப் பெட்டியைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "நல்ல வாசனை!" என்று மூச்சை இழுத்தார்.

வெளியிலிருந்து வந்தவருக்குத் தெரிகிறது. உள்ளேயே கிடக்கிற எனக்குத்தான் பழகிப்போய்விட்டது!

நான் எழுந்தேன். "கொஞ்சம் இருங்க" என்று முதலாளியிடம் சொல்லிவிட்டுச் செருப்பைக்கூடப் போடாமல் தெருவுக்கு ஓடினேன். தையல் கடையைத் தாண்டி, தெருமுனை வரைக்கும் போனேன். அங்கே நின்று வெறும் காற்றை நன்றாக இழுத்து விட்டேன். பிறகு திரும்பி வேகமாக நடந்து வந்து கடைக்குள் காலை வைத்தேன்.

அடேயப்பா! இவ்வளவு வருஷமாக இதற்குள்ளா உட்கார்ந்திருக்கிறேன்? புளித்த மாவு, சூடான வெண்ணெய், பழுப்பேறுகிற ரொட்டியின் மேல்தோல், எல்லாம் தனித்தனியாக வந்து நின்றன. எல்லாவற்றுக்கும் பின்னால், கொஞ்சம் கசப்பாக, சர்க்கரை கருகத் தொடங்குகிற ஒரு கீற்று.

"எடுங்க!" என்று கத்தினேன். "இப்போவே எடுங்க!"

அடுப்புக் கதவு திறக்கிற சத்தம், தட்டு மேசையில் விழுகிற சத்தம். நான் சன்னலுக்கு ஓடினேன். ரொட்டிகள் நல்ல பழுப்பில், விளிம்பில் மட்டும் ஒரு நூல் கறுப்போடு நின்றன. இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் குப்பைக்குத்தான் போயிருக்கும். அவர் ஒன்றை எடுத்து அடியில் தட்டிக் காதில் வைத்துக் கேட்டார். அப்படியே கேட்டுக்கொண்டு நின்றார்.

முதலாளிக்கு ஒன்றும் புரியவில்லை. "நான் வந்த விஷயம்... என்ன முடிவு பண்ணியிருக்கீங்க?"

கையில் ரொட்டியோடு என் வீட்டுக்காரர் சன்னல் வழியாக என் முகத்தைப் பார்த்தார். நான் எதையும் மறைக்கவில்லை, அது எனக்கு வராது என்பதுதான் தெரிந்த கதையாயிற்றே. அவர் நிதானமாக, ரொட்டியைப் பார்ப்பதுபோல, பார்க்க வேண்டியதையெல்லாம் பார்த்தார்.

"விக்கலைங்க" என்றார் முதலாளியிடம்.

பிறகு அடுத்த தட்டைக் கையில் எடுத்தார். "உள்ளே தள்ளவாம்மா?"

"தள்ளுங்க" என்றேன். செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டேன். "வெந்துக்கிட்டு இருக்கட்டும். நான் தெருமுனை வரைக்கும் போயிட்டு வந்துடறேன்."